மஞ்சள் மழைக்கோட்டு அம்மாவுக்கும், மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

அப்பா இப்போதுதான் தூங்கினார். நாளைக் காலையில் டிஸ்சார்ஜ் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கை இன்னும் லேசாக நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை மத்தியானம் அலாஸ்காவில், கரடி பார்க்கும் புரூக்ஸ் அருவி மேடையில் அப்பாவுக்குத் திடீரென்று முடியாமல் போனதை உங்களில் சிலர் நேரில் பார்த்தீர்கள், மற்றவர்கள் நான் அழுதுகொண்டே அனுப்பிய குரல் பதிவில் கேட்டீர்கள். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், யாரையாவது விட்டுவிட்டால் திட்டாதீர்கள். விடுமுறைக்கு வந்த இடத்தில் கேமராவை அப்படியே கீழே போட்டுவிட்டு அப்பா பக்கத்தில் மண்டியிட்ட அந்த நர்ஸ் அக்காவுக்கு (லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லையே?). அருவியிலிருந்து முகாம் வரைக்கும் அப்பாவைத் தூக்கி வந்த ரேஞ்சர்களுக்கு. மேகம் விலகிய அரைமணி நேரத்துக்குள் ஏரியில் இறங்கி எங்களை ஏற்றிக்கொண்டு பறந்த மிதவை விமானத்தின் பைலட்டுக்கு. அந்த இடத்துக்குச் சாலையே கிடையாது, படகு இல்லையென்றால் விமானம், அவ்வளவுதான். போகும்போது அது ரொம்ப ரொமான்டிக்காக இருந்தது, திரும்பும்போதுதான் அதன் அர்த்தம் புரிந்தது. மின்வேலிக்குள் நாங்கள் போட்டது போட்டபடி விட்டுவந்த டென்டைப் பிரித்து, காயவைத்து, மடித்துக் கொடுத்த பக்கத்து டென்ட்காரர்களுக்கு. ஆங்கரேஜ் நகரத்தில் எங்கிருந்தோ விஷயம் கேள்விப்பட்டு ரசம் சாதத்தோடு வந்து நின்ற தமிழ்க் குடும்பத்துக்கு. அந்த ரசத்தைக் குடித்துவிட்டு அப்பா சொன்ன முதல் வார்த்தை "புளி கொஞ்சம் தூக்கல்". அப்போதுதான் எனக்குப் பாதி உயிர் வந்தது.

இன்னொன்று, இது நன்றியும் மன்னிப்பும் சேர்ந்தது. வரும் வழியில் ஒரு தாய்க்கரடி இரண்டு குட்டிகளோடு பாதை ஓரத்தில் படுத்திருந்தது. அங்கே கரடிக்குத்தான் முதல் உரிமை, ஐம்பது கஜத்துக்குள் போகக்கூடாது, வந்து இறங்கிய உடனே நடத்தும் வகுப்பில் இதைச் சொல்லித்தான் உள்ளேயே விடுகிறார்கள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் அப்படியே நின்றபோது, முன்னால் நின்ற இளவயது ரேஞ்சரிடம் நான் தமிழில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் குரல் புரிந்திருக்கும். தம்பி, நீங்கள் செய்ததுதான் சரி. அந்தக் கரடி எரிச்சலாகி எழுந்திருந்தால் நாங்கள் எல்லாருமே இங்கே பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்போம்.

சரி. இப்போது நான் உண்மையில் எழுத வந்தது.

என் அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு ஓட்டிஸையும் தெரியும். 480 என்று எண் போட்ட கிழட்டுக் கரடி. புரூக்ஸ் ஆற்றில் 2012-லிருந்து நேரலை கேமரா இருக்கிறது, அம்மா போன பிறகு தூக்கம் வராத இரவுகளில் அப்பா அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற கரடிகள் எல்லாம் அருவிக்குக் கீழே அடித்துப் பிடித்துச் சண்டை போட, ஓட்டிஸ் மட்டும் தூரத்து ஓரத்தில் தன் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், அந்த மூலைக்கே 'ஓட்டிஸின் ஆபீஸ்' என்று பெயர். கோரைப்பல் இரண்டு கிடையாது, மற்றதும் தேய்ந்துபோனவை. அப்படியும் குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னால் யார் நன்றாகக் கொழுத்திருக்கிறார்கள் என்று மக்கள் ஓட்டுப் போடும் போட்டியில் நான்கு முறை ஜெயித்தது, கடைசியாக 2021-இல். "பாரு, ஓடவே மாட்டான், மீன் அவனைத் தேடி வரும்" என்பார் அப்பா, ஏதோ கூட வேலை பார்த்தவரைப் பற்றிச் சொல்வது போல. 2024 கோடையில் அது ஆற்றுக்கு வரவேயில்லை. அப்பா ஜூலை முழுக்கக் காத்திருந்தார், ஆகஸ்டில் கேமரா பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். அந்த மூலையை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதால்தான் இந்தப் பயணமே.

கூட்டம் அதிகமான நாட்களில் அருவி மேடையில் ஒருவருக்கு ஒரு மணி நேரம்தான், நாற்பது பேருக்கு மேல் நிற்க முடியாது, பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் முறை வந்தபோது கம்பியோரம் இடம் இல்லை. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு வயதான அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், ஒருக்களித்து அப்பாவுக்கு அரை ஆள் இடம் கொடுத்தார். அப்பா தன் இங்கிலீஷில் "ஓட்டிஸ் ஆபீஸ், வேர்?" என்று கேட்டார். அந்த அம்மா முகம் மலர்ந்து, கையை நீட்டி, எதிர்க்கரையைக் காட்டினார். இரண்டு பேரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மொத்தம் ஏழு நிமிடம் இருக்கும். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

இத்தனை தூரம் வந்து ஏழு நிமிடம். உயிர் பிழைத்த மனிதர் இதற்குப் போய் வருத்தப்படக்கூடாது என்று எனக்குத் தோன்றியது, சொல்லவும் செய்தேன், அவர் பதில் பேசவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எங்கள் மூட்டைகள் வந்து சேர்ந்தன. அப்பாவின் பையில் அவருடைய தொப்பிக்குள் நான்காக மடித்த காகிதங்கள், சின்ன நோட்டிலிருந்து கிழித்த ஐந்து தாள்கள். பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில், அப்பாவே வாசிக்கிற மாதிரி எளிய இங்கிலீஷில். முதல் வரி: "உங்கள் மணி நேரம். வியாழன், மாலை 6.05 முதல் 7.05 வரை."

அந்த அம்மா மறுநாள் மறுபடி பெயர் கொடுத்து, காத்திருந்து, தனக்குக் கிடைத்த ஒரு மணி நேரத்தையும் எழுதிக்கொண்டே கழித்திருக்கிறார்.

கொஞ்சம் தமிழில் தருகிறேன், உங்களுக்கும் பிடிக்கும். "6.09. உங்கள் நண்பர் இடம் காலி. 6.14. அருவி உச்சியில் பெரிய ஆண் கரடி, வாயைத் திறந்தபடி நிற்கிறது. ஒரு மீன் நேராகப் போய் அதன் மூக்கில் முட்டிக் கீழே விழுந்தது. அது என்னைப் பார்த்தது. நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். 6.20. குட்டிகள் இரண்டும் மேடைக்குப் பக்கத்து மரத்தில். அம்மா கீழே மீன் பிடிக்கிறாள். 6.26. மீனைக் காலால் அழுத்தி, பல்லால் தோலை இழுக்கிறது, ஈரக் காலுறையைக் கழற்றுகிற மாதிரி. 6.31. நண்பர் இடத்தில் ஒரு இளசு வந்து உட்கார்ந்தது. உட்காரத் தெரியவில்லை. இரண்டு நிமிடத்தில் எழுந்துபோய் வேறொருவன் மீனைப் பிடுங்கப் பார்த்து அடி வாங்கியது. கடற்காகங்கள் சந்தோஷம்."

6.40-க்கு மேல் ஒரு கரடி அந்த மூலையில் வந்து அமர்கிறது. வயதானது, காது கிழிந்தது, யார் என்று தெரியாது என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு நேரமே போடவில்லை. அது பிடித்த மீன்களுக்குக் கோடு மட்டும் போட்டுக்கொண்டே போகிறார், நான்கு கோடு, குறுக்கே ஒன்று, நம் கணக்கு மாதிரியேதான். மழை பெய்திருக்க வேண்டும், கடைசித் தாள் ஓரம் முழுக்க அலையலையாகச் சுருங்கியிருக்கிறது. அடியில் பெயர் இல்லை. "மஞ்சள் மழைக்கோட்டு" என்று மட்டும் இருக்கிறது.

அப்பா அதை முதல் தடவை வாசிக்க நாற்பது நிமிடம் ஆனது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக. மூக்கில் மீன் முட்டிய இடத்தில் சிரித்து, இருமல் வந்து, நர்ஸ் ஓடி வந்து, அவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. வகுப்பு முடிந்ததும் கொடுத்த கரடிப் பின்னை ஆஸ்பத்திரி அங்கியில் குத்திக்கொண்டுதான் இந்தக் கூத்தெல்லாம். வருகிற ஆளிடமெல்லாம், பெரிய ஆண் கரடி ஒரு நாளைக்கு முப்பது மீனுக்கு மேல் தின்னும், குளிர்காலத்தில் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும், தின்னாமல் என்ன செய்யும் என்று பாடம் வேறு நடக்கிறது. தன் உடம்பு இளைத்ததையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்.

எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது. என்னிடம் அந்த ஏழு நிமிடத்துக்கு நூற்று எண்பது படங்கள் இருக்கின்றன, வெள்ளி மாதிரி மின்னும் மீன், தெறிக்கும் தண்ணீர், எல்லாம் துல்லியம். ஒன்றில்கூட அந்த மூலை இல்லை. அப்பா எதைப் பார்க்க வந்தார் என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியும், ஏழு நிமிடம் பக்கத்தில் நின்ற ஒருவர்தான் அந்தப் பக்கம் பார்த்தார். இதை ஒரு பெரிய தத்துவமாக்க விருப்பமில்லை. ஆனால் ஒன்று செய்யப் போகிறேன், சொல்லிவைக்கிறேன், நீங்கள் பிடித்துக் கேளுங்கள்: வரமுடியாமல் போனவர்கள் யாராவது ஆசைப்பட்ட ஒன்றை நான் பார்க்க நேர்ந்தால், கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு எழுதி அனுப்புவேன். பென்சிலில். பெரிய எழுத்தில்.

அடுத்த ஜூலையில் மறுபடி போகலாமா என்று அப்பா நேற்றே கேட்டுவிட்டார். டாக்டரிடம் கேட்போம் என்றேன். "டாக்டர் கரடி பார்த்திருக்கிறாரா?" என்றார்.

கடைசியாக ஒரு உதவி. வியாழன் மாலை அந்த மேடையில் இருந்த யாராவது இதைப் படித்தால், அந்த அம்மாவைத் தெரிந்தால், எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். கூடவே அப்பாவின் கேள்வியையும். கடைசித் தாளில் இரண்டு ஐந்து முழுசாக இருக்கிறது, அதற்கு அப்புறம் மூன்று கோடு, நான்காவது பாதியிலேயே நிற்கிறது. மழையில் அழிந்ததா, நேரம் முடிந்துவிட்டதா, இல்லை அந்த மீன் தப்பித்துவிட்டதா? காலையிலிருந்து எட்டுத் தடவை கேட்டுவிட்டார். தப்பித்துவிட்டது என்று நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்.