ஓய்பின் மலைக்கோட்டையிலிருந்து

டிரெஸ்டன்,
செப்டம்பர் 14.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று எழுதுங்கள்.

சென்ற ஞாயிறன்று, இங்கே ஜெர்மனியிலேயே செக் நாட்டு எல்லையை ஒட்டிய ஓய்பின் என்ற ஊருக்குப் போய்வந்தேன். சிட்டாவ் நகரிலிருந்து 1890 முதல் அங்கே நீராவி ரயில் ஓடுகிறது. இறங்கியபோது என் சட்டைக் காலரெல்லாம் கரித்தூள். ஊருக்கு நடுவே, பானையைக் கவிழ்த்தாற்போல, 514 மீட்டர் உயரத்தில் மணற்கல் மலையொன்று நிற்கிறது. கோட்டையும் மடமும் அதன்மேல்தான்.

பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) அரசரும் புனித ரோமப் பேரரசருமான நான்காம் கார்ல், அந்தக் கோட்டைக்குள் முதலில் தமக்கொரு மாளிகை எழுப்பினார். பிறகு 1369இல் அங்கேயே செலஸ்தீன் என்ற கிறித்தவச் சபைத் துறவிகளுக்கு மடமும் நிறுவினார். அந்தச் சபையைத் தொடங்கியவர் போப்பாண்டவராகி ஐந்தே மாதத்தில் பதவியைத் துறந்தவராம். மதில் சூழ்ந்த கோட்டைக்குள் அவருடைய வழிவந்தவர்களைக் குடியேற்றியது எனக்குச் சற்று வேடிக்கையாகத்தான் இருந்தது. 1384இல் தேவாலயம் அர்ச்சிக்கப்பட்டபோது, அதைக் காணப் பேரரசர் உயிரோடில்லை.

அந்தத் தேவாலயத்தைப் பார்த்தபோதுதான் உங்களை நினைத்துக்கொண்டேன். கட்டிய சுவர் எங்கே முடிகிறது, மலைப்பாறையைச் செதுக்கி எடுத்த சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரித்தறிய எனக்கு வெகுநேரம் ஆயிற்று. நாற்பது ஆண்டு கொத்தனார் கரண்டி பிடித்த நீங்களாக இருந்தால் ஒருமுறை தட்டிப் பார்த்தே சொல்லியிருப்பீர்கள். பதினாறாம் நூற்றாண்டில், கிறித்தவ மதச் சீர்திருத்தக் காலத்தில் துறவிகள் போய்விட்டனர். 1577இல் இடி விழுந்து எல்லாம் எரிந்தது, 1681இல் பாறை சரிந்து மேலும் சிதைந்தது. இப்போது கூரை இல்லை. உயர்ந்த சன்னல்களின் கல்வளைவுகள் மட்டும் வானத்தை அடைத்தாற்போல நிற்கின்றன. மழை வந்ததும் ஒதுங்க இடம் தேடிப் பாறைச் சுவரோடு ஒட்டி நின்றேன். அப்போதுதான் அதில் உளித்தடங்களைக் கவனித்தேன்.

அவற்றைப் படமெடுத்துத் தம்பியின் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறேன். கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. அது ஏன் என்று பார்த்து, மறக்காமல் பதில் எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்