‘சும்மா’ என்று எழுதிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது வருடமாக உங்கள் பத்திரிகையின் வாசகி நான். தம்பி ஊரிலிருந்து அனுப்பும் இதழ் மூன்று வாரம் தாமதமாக வந்தாலும் ஒரு பக்கம் விடாமல் படிப்பேன். போன மாத இதழில் அமெரிக்க எரிவாயு பற்றிய கட்டுரையில் ஒரு வரி: பென்சில்வேனியாவில் எரிவாயு எடுப்பவர்கள் வரி கட்டுவதில்லையாம், நிலம் கொடுத்தவர்கள் சும்மா உட்கார்ந்து செக் வாங்குகிறார்களாம். அப்படி நிலம் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த ‘சும்மா’ இரண்டு நாளாக என் மனதை அறுக்கிறது.

1994ல் என் கணவர் இங்கே சஸ்குவஹானா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 70 ஏக்கர் பழைய பால்பண்ணை ஒன்றை வாங்கினார். 2006ல் எரிவாயு எடுக்க நிலத்தை லீஸுக்குக் கேட்டு ஒரு ஏஜென்ட் வந்து எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்தார். ஏக்கருக்கு 25 டாலர், இதற்கு மேல் யாரும் தர மாட்டார்கள் என்றார். காபி கொடுத்தோம், கையெழுத்தும் போட்டோம். சில வருடத்தில் பக்கத்து ரோட்டில் ஏக்கருக்கு 5,000 டாலருக்கு லீஸ் போனது. எங்கள் நிலத்தில் எரிவாயுக் கிணறு போட்ட மாதங்களில் ராத்திரி முழுக்க ரிக் என்ற துளையிடும் கோபுரத்தின் வெளிச்சம் படுக்கையறைக்குள் அடிக்கும். ஜன்னலுக்குப் போர்வை கட்டித்தான் தூங்கினோம். இதெல்லாம் சும்மாவா?

சரி, வரிக்கு வருகிறேன். எடுக்கும் எரிவாயுவின் மீது மாநிலம் போடும் ‘செவரன்ஸ் டாக்ஸ்’ என்ற பெயரில் இங்கே வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் 2012ல் வந்த மாநிலத்தின் 13ஆம் சட்டப்படி, எங்கள் நிலத்தில் இருப்பது போல ஆழத்துப் பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் கிணறுகளுக்கு நிறுவனம் ‘இம்பாக்ட் ஃபீ’ என்ற பாதிப்புக் கட்டணம் கட்டுகிறது. எரிவாயு விலை ஏறினால் அதுவும் ஏறும், கிணற்றுக்கு வயதாக ஆகக் குறையும். 2022ஆம் ஆண்டுக்கு மட்டும் கிட்டத்தட்ட 27.9 கோடி டாலர் வசூலானது. அதில் பெரும்பங்கு கிணறு இருக்கும் ஊர்களுக்கும் கவுண்டிகளுக்கும் வருகிறது. இது உங்களுக்குத் தெரியாத விஷயமாக இருக்காது. தெரிந்தும் ஏன் அதை எழுதாமல் விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

2015ல் பதவிக்கு வந்த ஆளுநர் டாம் உல்ஃப் இதற்கு மேல் செவரன்ஸ் டாக்ஸும் வேண்டும் என்று பலமுறை கேட்டார். சட்டமன்றம் ஒப்பவில்லை. கம்பெனிதானே கட்டப்போகிறது, உங்களுக்கு என்ன என்று இங்குள்ள நம் நண்பர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் லீஸ் பத்திரத்தில், உற்பத்தி மீது விழும் வரியில் என் பங்கை ராயல்டியில், அதாவது எரிவாயு விற்ற பணத்தில் எனக்கு வரும் பங்கில், கழித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்கில் போடும் வரி என் செக்கில் வந்து விழும்.

அந்தச் செக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குறைந்தபட்ச ராயல்டி எட்டில் ஒரு பங்கு என்று 1979லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் எரிவாயுவைக் கிணற்றடியிலிருந்து சந்தைக்குக் கொண்டுபோகும் செலவைக் கழித்த பிறகே அந்தப் பங்கைக் கணக்கிடலாம் என்று 2010ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. செக்கோடு வரும் தாளில் சேகரிப்புச் செலவு, அழுத்தச் செலவு, குழாய்ச் செலவு என்று வரிசையாகக் கழித்தல் குறி. 2016ல் ஒரு மாதம் எல்லாம் போக எனக்கு வந்தது 11 டாலர். அதற்கும் மத்திய வருமான வரி, மாநிலத்துக்கு 3.07 சதவீதம். அப்புறம், விவசாய நிலத்துக்கான வரிச்சலுகையில் இருந்த நிலத்தில் ஐந்து ஏக்கர் கிணற்று மேடைக்குப் போனதால், அந்த ஐந்து ஏக்கருக்கு ஏழு வருடச் சலுகையை வட்டியோடு திருப்பிக் கட்டினேன். வரி கட்டாதவர்கள் பட்டியலில் என்னை எப்படிச் சேர்த்தீர்கள்?

பக்கத்துப் பண்ணைக்காரர் 2009ல் பால் விலை விழுந்தபோது மாடுகளில் பாதியை விற்றார். மீதியை விற்காமல் காப்பாற்றியது ராயல்டிதான். மழை ஒழுகிக்கொண்டிருந்த அவருடைய கொட்டகைக்கு இப்போது பச்சைத் தகரக் கூரை. என் சமையலறை ஜன்னலிலிருந்து தினமும் அதைப் பார்க்கிறேன்.

எங்கள் கவுண்டியிலேயே டைமாக்கில் குடிநீர்க் கிணறுகளில் மீத்தேன் கலந்தது. அதை நான் மறைக்கவில்லை. தவறு செய்தவர்களைத் தண்டிக்க வேண்டும், தண்ணீரைச் சோதிக்க வேண்டும். நானும் வருடா வருடம் சோதிக்கிறேன். அதற்காகத் தோண்டவே கூடாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கிலும் நிலத்துக்கடியில் எரிவாயு அடங்கிய இதே மார்செல்லஸ் பாறைதான். 2014 டிசம்பரில் அங்கே பாறையை உடைத்து எரிவாயு எடுக்கத் தடை அறிவித்தார்கள். எங்கள் கவுண்டியிலிருந்து அங்கே போகவிருந்த குழாய்க்கும் 2016ல் அனுமதி மறுத்தார்கள். ஆனால் அந்த மாநிலத்து வீடுகளில் குளிர்காலத்தில் எரிவது பெரும்பாலும் பிற மாநிலத்து எரிவாயு, அதில் எங்களுடையதும் உண்டு. எங்கள் மண்ணில் தோண்டியதை எரித்துக்கொண்டு எங்களையே பேராசைக்காரர்கள் என்கிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை.

கட்டுரையாளர் 2017 நெடுவாசல் போராட்டத்தோடு எங்களை ஒப்பிட்டு, அங்குள்ள விவசாயிக்கு இருக்கும் மண்பற்று இங்கே இல்லை என்கிறார். நெடுவாசல் மக்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அங்கே நிலம் விவசாயியுடையது என்றாலும் எரிவாயு அரசுடையது. இங்கே விற்காமல் வைத்திருந்தால் நிலத்துக்கு அடியில் இருப்பதும் நில உரிமையாளருக்கே சொந்தம். எரிவாயுவில் பங்கே இல்லாதவரையும் பங்கு உள்ளவரையும் பக்கத்தில் நிறுத்தி, யாருக்கு மண்பற்று அதிகம் என்று எப்படி அளந்தார்?

அடுத்த இதழில் ஒரு மூலையில், பென்சில்வேனியாவில் எரிவாயுக் கிணறுகளுக்கு இம்பாக்ட் ஃபீ உண்டு என்று இரண்டு வரி திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதம் முழுவதையும் போட இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை.

தங்கள் வாசகி,
சஸ்குவஹானா கவுண்டி, பென்சில்வேனியா