செயலாளர் ஆண்டறிக்கை: கறுப்பினச் சட்ட மாணவர்களோடு ஒரு வருடம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர் அவர்களே, நிர்வாக சபையினரே, உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானப்படி இந்த ஆண்டு ரொறன்ரோவில் உள்ள எங்கள் ஸ்காபரோ வாசகர் வட்டம் ஒரே பொருளை எடுத்துக்கொண்டது. கறுப்பினச் சட்ட மாணவர் சங்கங்களும், அவற்றைத் தலைமை தாங்கி நடத்தும் பிள்ளைகளும் என்பதே அந்தப் பொருள். முன்மொழிந்தது இளையோர் குழு. “எங்கட வட்டத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் கேள்வியைக் கூட்டக் குறிப்பில் அப்படியே பதிந்திருக்கிறேன். கேட்டவர்களில் இருவர் பிறகு ஒரு கூட்டமும் தவறவிடவில்லை என்பதையும் பதிவது நியாயம்.

நிர்வாக சபை மாதந்தோறும் கூட அழைக்கப்பட்டது. பனிகாலத்தில் போதிய ஆட்கள் வராமல் தள்ளிப்போன கூட்டங்களும் உண்டு. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

முதல் அமர்வு பழைய கதையில் தொடங்கியது. அமெரிக்காவில் 1968இல் நியூயோர்க் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் ஏ. ஜே. கூப்பர் என்ற மாணவர் தொடக்கிய சங்கம்தான் பின்னாளில் அந்த நாட்டுக் கறுப்பினச் சட்ட மாணவர்களின் தேசிய அமைப்பாக வளர்ந்தது. கூப்பர் பிறகு அலபாமாவில் பிரிச்சாட் என்ற ஊரின் மேயரானார். ஆரம்பத்தில் பெயரில் இருந்த ‘அமெரிக்க’ என்ற சொல்லை 1983இல் எடுத்துவிட்டார்கள், பிற நாட்டுக் கறுப்பின மாணவர்களும் உள்ளே வரவேண்டும் என்று. கனடாவின் தேசியச் சங்கம் 1991இல் உருவானது. நாடு முழுவதும் உள்ள சட்டக் கல்லூரிகளில் அதற்குக் கிளைகள் உண்டு. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் இயங்குகிறது. யமேக்கா, கானா, சோமாலியா, கொங்கோ என்று பெற்றோர் வந்த நாடுகள் பல. இவர்களோடு, நோவா ஸ்கோஷியாவில் இருநூறு வருடத்துக்கு மேலாக வேரூன்றிய குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இத்தனை பேரையும் ஒரு மேசையில் இருத்துவது லேசான வேலை இல்லை. ஊர்ச் சங்கங்களை ஒன்றாக்கப் பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது விளங்கும்.

இரண்டாம் அமர்வில் டெலோஸ் றோஜெஸ்ற் டேவிஸ் பற்றி எங்கள் நூலகப் பொறுப்பாளர் பேசினார். ஒன்ராறியோவின் தென்மேற்கு மூலையில், அம்ஹெர்ஸ்பேர்க் பக்கம் வாழ்ந்த கறுப்பினத்தவர் அவர். சட்டத்தரணியாக வேண்டுமானால் ஏற்கெனவே தொழில் செய்கிற ஒருவரிடம் பயிற்சியில் இருக்கவேண்டும். 11 வருடம் முயன்றும் எந்தச் சட்டத்தரணியும் அவரைச் சேர்க்கவில்லை. காரணம் நிறம். கடைசியில் மாகாண சட்டசபைக்கே மனுப்போட்டார். 1884இல் அவர் ஒருவருக்காக மட்டும் ஒரு சட்டம் நிறைவேற்றி, பரீட்சையில் சித்தியடைந்து கட்டணமும் கட்டினால் பயிற்சி இல்லாமலே அனுமதிக்கலாம் என்று வழி விட்டார்கள். 1885இல் சொலிசிற்றர் (ஆலோசனையும் ஆவணமும் பார்ப்பவர்), 1886இல் பாரிஸ்ரர் (நீதிமன்றத்தில் வாதாடுபவர்). 1910இல் மன்னரின் சட்ட ஆலோசகர் என்ற பட்டமும் கிடைத்தது. மகனும் சட்டம் படித்துத் தகப்பனோடு சேர்ந்து தொழில் செய்தார்.

இந்தப் பேச்சு முடிந்ததும் மண்டபத்தில் ஒருவரும் எழும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாகக் கோர்ட்டுக்குப் போய்வந்துவிட்டு இங்கே தொழிற்சாலையில் இரவு வேலைக்கு நின்றவர்கள் எங்கள் உறுப்பினர்களில் இருக்கிறார்கள். பயிற்சிக்கு ஆள் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கேள்வி நேரம் இரவுச் சாப்பாட்டையும் தாண்டிப் போனது.

அடுத்ததாக, உறுப்பினர் பலரும் இந்த ஆண்டின் சிறந்த நாள் என்று சொன்ன ஜனவரி நிகழ்ச்சி. தைப்பொங்கலுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை, ரொறன்ரோவில் உள்ள சட்டக் கல்லூரி ஒன்றின் கறுப்பின மாணவர் கிளையினர் தங்கள் வாதப்போட்டிக்கான (மாணவர் மாதிரி நீதிமன்றத்தில் வழக்காடும் போட்டி) ஒத்திகையை எங்கள் மண்டபத்தில் நடத்தினார்கள். அவர்கள் தயாராகிக்கொண்டிருந்த போட்டி, கனடியச் சங்கம் நடத்தும் ஜூலியஸ் அலெக்சாண்டர் ஐசாக் நினைவு வாதப்போட்டி. ஐசாக் கிரெனடாத் தீவில் பிறந்து, 1991இல் கனடியப் பெடரல் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசரானவர். பெப்ரவரியைக் கறுப்பின வரலாற்று மாதமாக நாடாளுமன்றம் 1995இல் ஏற்கக் காரணமாயிருந்த ஜீன் ஒகஸ்ரீனும் அதே கிரெனடாவில் பிறந்தவர்தான். சின்னத் தீவு, பெரிய ஆட்கள்.

ஒத்திகைக்கு ‘லே’ வழக்கை அடிப்படையாக எடுத்திருந்தார்கள். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012இல் ரொறன்ரோவின் கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்றின் பின்வளவில் ஐந்து இளைஞர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நால்வர் கறுப்பினத்தவர், லே என்பவர் ஆசிய வம்சாவளி. மூன்று பொலிஸ்காரர் பிடியாணையும் இல்லாமல், அனுமதியும் கேட்காமல் உள்ளே வந்து அடையாள அட்டை கேட்டார்கள். பையில் என்ன என்று கேட்டதும் லே ஓடினார். பிடித்தபோது துப்பாக்கியும் போதைப்பொருளும் இருந்தன. 2019இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், பொலிஸ் வளவுக்குள் நுழைந்த அந்தக் கணமே அவர்கள் தடுத்துவைக்கப்பட்டுவிட்டார்கள், அது தன்னிச்சையான தடுப்பு, ஆகவே கிடைத்த சான்றைச் சேர்க்க முடியாது என்று தீர்த்தது.

நீதிபதி ஆசனத்தில் இருக்க மூன்று பேரைக் கேட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற சட்டத்தரணியான எங்கள் அப்புக்காத்து ஐயாவும், பாடசாலை அதிபராக இருந்த அம்மாவும், இளையோர் குழுவில் இப்போது சட்டம் படிக்கிற தங்கச்சியும் இருந்தார்கள். மேசையில் பொங்கலுக்கு விரித்த பட்டுத்துணி அப்படியே கிடந்தது. வாதிட வந்த மாணவியின் கோப்பில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று ஒட்டுத்தாள்கள் விளிம்பெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தன. நேரம் பார்க்கிற பையன் ஐந்து நிமிடம், இரண்டு நிமிடம், முடிந்தது என்று எழுதிய அட்டைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தான்.

மாணவி முதல் வசனத்தை முடிக்கவில்லை, ஐயா இடைமறித்துவிட்டார். “லே கறுப்பர் இல்லை. கூட இருந்தவர்களின் நிறத்தை ஏன் இந்த மன்றத்துக்குக் கொண்டுவருகிறீர்கள்?” அவள் ஒட்டுத்தாளைத் தொடக்கூட இல்லை. “அந்த வளவுக்கு வேலி தாழ்வாக இருந்தது, மாண்புமிகு நீதியரசரே. அவ்வளவு இலேசாக எந்த வளவுக்குள் பொலிஸ் நுழையும், எந்த வளவுக்குள் நுழையாது என்பது அங்கே வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். தான் போகலாமா இல்லையா என்று அந்த இளைஞன் நினைத்ததை அந்த அறிவிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது” என்றாள். ஐயா விடவில்லை. துப்பாக்கியைக் காட்டி, பொதுமக்களின் பாதுகாப்பைக் காட்டி, குறுக்கும் மறுக்குமாகக் கேட்டார். இரண்டு நிமிட அட்டை எழும்பியதும் அவள் மீதி வாதத்தை மூன்று வசனத்தில் சுருக்கிச் சொல்லிவிட்டு அமர்ந்தாள். இறங்கி வந்த ஐயா என்னிடம் சொன்னது: “மல்லாகம் கோர்ட்டில இப்பிடி நிண்டு பிடிச்ச ஜூனியரை நான் காணேல்லை.” ஐயா லேசில் புகழுகிறவர் இல்லை என்பது சபைக்குத் தெரியும்.

தேநீர் இடைவேளையில் ஆட்டிறைச்சி றோல்ஸும், அவர்கள் கொண்டுவந்த யமேக்கன் பற்றீஸும் தீர்ந்த வேகத்தைப் பொருளாளர் செலவுக் கணக்கில் காண்பீர்கள்.

அன்று பின்னேரம்தான் சங்கடமான கேள்வியும் வந்தது. முதலாம் ஆண்டுப் பிரதிநிதியான மாணவர், தான் மார்க்கம் வீதியில் ஒரு மாடிக்கட்டடத்தில் வளர்ந்தவர் என்றும், பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பையனோடு ஆறாம் வகுப்பு வரை விளையாடினார் என்றும், பிறகு ஒருநாள் அந்தப் பையன் வருவதை நிறுத்திவிட்டான் என்றும் சொன்னார். “வீட்டில் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்?” என்று கேட்டார். சபையில் எல்லோருக்கும் பதில் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அதிபர் அம்மா எழும்பி, “நான் என்ரை பிள்ளையளுக்குச் சொன்னதைச் சொல்லுறன்” என்று தொடங்கி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அதைக் கூட்டக் குறிப்பில் எழுதவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டபடியால் இங்கும் எழுதவில்லை. என் அபிப்பிராயம்: இந்த ஒரு பின்னேரத்துக்காகவே ஆண்டுப் பொருள் சரியானது. மண்டபத்துக்கு வெளியே எங்கள் கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் கறுப்பினத்தவரைப் பற்றி என்ன கதைக்கிறோம் என்பது எங்களுக்குத் தெரிந்ததே.

மார்ச் அமர்வில் நோவா ஸ்கோஷியா பற்றிக் கதைத்தோம். 1971இல் அங்கே சிட்னி நகரில் சாண்டி சீல் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட, டொனால்ட் மார்ஷல் என்ற மிக்மாக் பழங்குடி இளைஞர் செய்யாத கொலைக்கு 11 வருடம் சிறையில் கிடந்தார். அந்த அநியாயத்தை விசாரித்த அரச ஆணைக்குழு நீதித்துறையில் ஊறியிருந்த இனவாதத்தை வெளியே கொண்டுவந்தது. அதே காலத்தில், 1989இல், ஹலிஃபாக்ஸில் உள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் உள்ளூர்க் கறுப்பின மாணவருக்கும் மிக்மாக் மாணவருக்குமான தனித் திட்டம் தொடங்கியது. அதற்காக உழைத்தவர்களில் ஒருவர் பர்ன்லி ‘ரொக்கி’ ஜோன்ஸ், அறுபதுகளிலிருந்தே போராட்டக்காரர். திட்டம் வந்ததும் தானே மாணவராகச் சேர்ந்து, ஐம்பது வயதை ஒட்டி, 1992இல் பட்டம் பெற்றார். ஐந்தே வருடத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ‘ஆர். டி. எஸ்.’ வழக்கில் பதினைந்து வயதுக் கறுப்பினப் பையனுக்காக வாதாடியவர் அவர்தான். பையனை விடுவித்த கொறீன் ஸ்பார்க்ஸ் கனடாவின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி. வெள்ளையரல்லாத பிள்ளைகளோடு பொலிஸ் மிகையாக நடப்பதுண்டு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதற்காகப் பக்கச்சார்பு என்று குற்றஞ்சாட்டினார்கள். 1997இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவருடைய தீர்ப்பு நிலைத்தது. வெள்ளை நீதிபதி ஒருவர் பொலிஸை நம்புகிறேன் என்று சொன்னால் அதைப் பக்கச்சார்பு என்று யாராவது கேட்டிருப்பார்களா என்று எங்கள் இளையோர் குழுத் தங்கச்சி கேட்டாள். சபை அதை விவாதித்துக்கொண்டே வாகனத் தரிப்பிடம் வரை போனது.

கிளையின் தலைவி ஏப்ரலில், பரீட்சைக்கு இடையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, தன் பதவி வேலையைச் சொன்னார். செப்டெம்பரில் புது மாணவருக்கு மூத்தவர்களைச் சோடி சேர்ப்பது, பழைய பாடச் சுருக்கங்களைத் தேடிக் கொடுப்பது, சட்ட நிறுவனங்களிடம் அனுசரணை கேட்பது, நேர்முகத்துக்கு உடுப்பு இல்லாதவருக்கு உடுப்புப் பார்ப்பது, வகுப்பில் ஒரு வழக்கைப் படிப்பிக்கும்போது யாராவது காயப்பட்டால் பீடாதிபதியிடம் போய் நிற்பது. இத்தனைக்கும் புள்ளிகள் வகுப்புச் சராசரிக்கு இழுத்துக் கட்டப்படுகின்றன, சங்க வேலை செய்தாய் என்று ஒருவரும் புள்ளி கூட்டமாட்டார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் வருடக் கட்டணம் 30,000 டொலருக்கு மேல். பகுதிநேர வேலையும் செய்துகொண்டு தலைமைப் பதவி வகிப்பவர்கள் உண்டு. தலைவர்களைப் பேச்சுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிற எங்கள் வழக்கத்தைவிட, அவர்களுக்குப் பயணச்செலவு கொடுப்பது மரியாதை என்பது என் எண்ணம். இந்த ஆண்டு அப்படித்தான் செய்தோம்.

அவர் காட்டிய இன்னொன்றும் உண்டு. பதவிக்காலம் ஒரு கல்வியாண்டு. மூன்று வருடத்தில் படிப்பு முடிந்து எல்லோரும் வெளியேறிவிடுவார்கள், ஆகவே பதவியைப் பிடித்துக்கொண்டிருக்க ஒருவராலும் ஏலாது. போகிறவர் வருகிறவருக்கு ஒரு கோப்பு கையளிப்பார். எந்த மண்டபத்தை எந்த மாதத்துக்கு முன் பதியவேண்டும், யாருக்கு நன்றிக் கடிதம் பாக்கி, எந்த நிறுவனம் வாக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தது, எல்லாம் அதில் இருக்கும். எங்கள் வட்டத்திலோ இந்த விவரமெல்லாம் ஓரிருவர் தலைக்குள் இருக்கிறது, அவர்களுக்குச் சளி பிடித்தால் வட்டத்துக்கும் பிடிக்கிறது. செயலாளர், பொருளாளர் பதவிகளை ஒருவர் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் வகிக்கக்கூடாது என்றும், பதவி விலகுகிறவர் எழுத்தில் கையளிப்புக் கோப்பு கொடுக்கவேண்டும் என்றும் யாப்பைத் திருத்தும் பிரேரணை இன்று உங்கள் முன் வருகிறது. என் பதவிக்கும் அது பொருந்தும். நிர்வாக சபையில் இது ஏகமனதாக நிறைவேறவில்லை என்பதையும் அறியத்தருகிறேன்.

மற்றொரு பிரேரணை: எங்கள் வட்டாரப் பிள்ளைகளின் சட்டக் கல்லூரி நுழைவுக்கான எல்.எஸ்.ஏ.ரி. பரீட்சைக் கட்டணத்துக்கு வட்டம் உதவவேண்டும், பிள்ளை தமிழரா கறுப்பினத்தவரா என்று பார்க்கக்கூடாது. தொகையைச் சபை தீர்மானிக்கட்டும்.

ஏனைய விடயங்கள்: நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் சேர்க்கப்பட்டன. கோடை ஒன்றுகூடல் மழையால் மண்டபத்துக்குள் நடந்தது. ஆண்டில் பிரிந்த உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி கூட்டத் தொடக்கத்தில் செலுத்தப்பட்டது. மண்டபத் திறப்பு ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை, வைத்திருப்பவர் தயவுசெய்து தரவும்.

வாதப்போட்டி ஒத்திகைக்கு அடுத்த ஜனவரியிலும் மண்டபம் தரமுடியுமா என்று கிளையின் புதிய தலைவர் கடிதம் அனுப்பியிருக்கிறார். அப்புக்காத்து ஐயா ஆசனத்துக்குச் சம்மதம் தெரிவித்துவிட்டார், வழக்குத் தாள்களை இந்த முறை முன்கூட்டியே அனுப்பவேண்டும் என்ற நிபந்தனையோடு. மண்டபத்துக்குச் சபையின் அனுமதி தேவை.

ஆண்டு முழுவதும் கதிரை அடுக்கியவர்களுக்கும், தேத்தண்ணி ஊற்றியவர்களுக்கும், கூட்டம் முடிந்து மூத்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விட்ட பிள்ளைகளுக்கும் நன்றி. இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்