நாற்பதாம் பாகையில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் கப்பல் கேப் டவுனை விட்டுப் 13 நாளாகிறது. கிளம்பும்போது ஒரு வரி அனுப்பினாய், அப்புறம் ஒன்றுமில்லை. வேலை அதிகம் இருக்கும், தெரியும். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். காற்று பலமாக இருக்கும்போது மேல்தளத்துக்குத் தனியாகப் போகாதே.

பள்ளி நாளில் நீ பூகோள உருண்டையில் ஒட்டிய சிவப்பு நூல் தெற்கு அட்சரேகை 40-ஆம் பாகையில் இன்னும் அப்படியே இருக்கிறது. பசை காய்ந்து ஓரிடத்தில் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. தினமும் அதன் மேல் விரலை ஓட்டுகிறேன். ஆப்பிரிக்கா அந்த நூலைத் தொடுவதேயில்லை, 35-க்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடல்தான், ஆஸ்திரேலியாவின் கிங் தீவு வரை. அப்புறம் பாஸ் நீரிணை, ஃபிளிண்டர்ஸ் தீவு, டாஸ்மன் கடல், நியூசிலாந்தின் வட தீவு. அதைத் தாண்டினால் சிலி வரை பசிபிக். சிலி, அர்ஜென்டினா கடந்தால் மறுபடி அட்லாண்டிக். இவ்வளவு நீளத்தில் காற்றைத் தடுக்க நிலம் எங்கே இருக்கிறது? அந்தக் காற்றுக்குக் கர்ஜிக்கும் நாற்பதுகள் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

1611-இல் பிரவுவர் என்ற டச்சு மாலுமி அந்தக் காற்றைப் பிடித்துத்தான் ஜாவாவுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். இன்று அதே காற்றில் என் மகள் காவல் நிற்கிறாள். இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். உன்னிடம்தான் சொன்னதில்லை.

கட்டராக்கி கப்பலைப் பற்றி நேற்றுப் படித்தேன், படித்திருக்கக் கூடாது. 1845-இல் லிவர்பூலிலிருந்து மெல்போர்னுக்கு வந்த கப்பல், கிங் தீவுப் பாறையில் மோதி ஏறக்குறைய 400 பேர் போய்விட்டார்கள். பிழைத்தது 9 பேர். இப்போது கருவிகள் வந்துவிட்டன, நீயே சொல்லியிருக்கிறாய். இருந்தாலும் மேல்தளத்துக்குத் தனியாகப் போகாதே. ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்?

சரி, கேட்கும் உரிமை எனக்கில்லை. கிளம்புவதற்கு முந்தின இரவு நீ கூப்பிட்டபோது நான் தூங்கவில்லை. பெரியப்பா வீட்டு விஷயத்தில் உன் மேல் கோபம். தூங்குவதாகச் சொல்லும்படி அம்மாவுக்குச் சைகை காட்டினேன். நீ "பரவாயில்லை" என்றது கதவுப் பக்கம் வரை கேட்டது.

கிங் தீவின் வடமுனையில் கேப் விக்கம் கலங்கரை விளக்கம் 1861-இலிருந்து இருக்கிறதாம். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டதும் கூப்பிடு. எத்தனை மணியானாலும் நானே எடுக்கிறேன்.

அப்பா