சீனியாரிட்டி லிஸ்ட்டை எங்க ஒட்டினாங்கன்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதில ஒரு தம்பி எழுதியிருந்தார், ஆட்குறைப்புன்னு வந்தா நல்லா வேலை செய்யறவனைத்தான் வச்சுக்கணும், சர்வீஸ் வருஷத்தை பார்த்து ஆளை வச்சுக்கறது சோம்பேறிங்களுக்கு பாதுகாப்புன்னு. படிச்சதுல இருந்து மனசு ஆறல. நான் மெஷின் ஷாப்ல 22 வருஷம் இருந்தவன், அதுல கொஞ்ச காலம் சங்க கமிட்டிலயும் இருந்தேன், ஒரு ஆட்குறைப்பை கூடவே இருந்து பார்த்தவன்ங்கற முறைல எழுதறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கங்க.

மொதல்ல ஒரு வார்த்தை பத்தி சொல்லணும். உங்க பேப்பர் உட்பட எல்லா பேப்பர்லயும் 'இத்தனை பேர் பணிநீக்கம்'னு போடறீங்க. பணிநீக்கம்னா தப்பு பண்ணி, சார்ஜ் ஷீட் குடுத்து, என்கொயரி வச்சு வெளில அனுப்பறது. ஒரு தப்பும் பண்ணாதவனை ஆர்டர் இல்ல, வேலை இல்லன்னு அனுப்பறது ஆட்குறைப்பு, கம்பெனி பாஷைல ரிட்ரென்ச்மெண்ட். லே-ஆஃப்னு சட்டத்துல இருக்கறது இது ரெண்டும் இல்ல, தற்காலிகமா வேலை குடுக்க முடியலன்னு உட்கார வைக்கறது, பேரு மஸ்டர் ரோல்லயே, அதாவது ஆஜர் பதிவேட்டுலயே இருக்கும், தகுதி உள்ளவனுக்கு பேசிக்கும் டிஏவும் (பஞ்சப்படி) சேர்த்து அதுல பாதி குடுக்கணும். இப்ப எல்லாத்துக்கும் லே-ஆஃப்னே சொல்லி சொல்லி, தனக்கு நடந்தது எதுன்னு தொழிலாளிக்கே தெரியாம போச்சு, தெரியலன்னா எந்த உரிமையை கேக்கறது?

ஆட்குறைப்புல நமக்கு இருக்கற பெரிய உரிமை கடைசியா வந்தவர் முதல்ல போகணும்ங்கறது, இந்த சேர்ந்த வரிசையைத்தான் சீனியாரிட்டின்னு சொல்றோம். 1947 தொழில் தகராறு சட்டத்துல 25ஜி பிரிவுன்னு 1953ல சேர்த்தாங்க. 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்துச்சே, அதுலயும் 71வது பிரிவா இது அப்படியே இருக்கு. 300 பேருக்கு கீழ இருக்கற ஃபேக்டரிக்கு இனிமே எந்த கட்டுப்பாடும் இல்லன்னு நிறைய பேர் நம்பிக்கிட்டு இருக்காங்க, அது தப்பு. ஆட்குறைப்பை பொறுத்தவரை 100 ஆ இருந்தது 300 ஆனது அரசாங்கத்துகிட்ட முன் அனுமதி வாங்கற விஷயத்துல மட்டும்தான். ஒரு மாச நோட்டீஸும், வருஷத்துக்கு 15 நாள் சம்பள கணக்குல நஷ்டஈடும், சீனியாரிட்டி வரிசையும் சின்ன கம்பெனிக்கும் உண்டு.

இப்ப அந்த தம்பி கேட்ட கேள்விக்கு வரேன். நல்லா வேலை செய்யறவன் யாருன்னு யார் முடிவு பண்றது? நாங்க பார்த்தோம் சார். எங்க ஷாப்ல ஆட்குறைப்புன்னு பேச்சு அடிபட ஆரம்பிச்சதும், ஆட்குறைப்புக்கு மூணு மாசம் முன்னாடி திடீர்னு ஒரு மார்க் ஷீட் வந்துச்சு, ஃபோர்மேன் போடற மார்க், அதுல 'மனப்பான்மை'ன்னு ஒரு கட்டம். சங்க மீட்டிங்ல எழுந்து பேசினவங்க, கேன்டீன் விஷயமா கையெழுத்து வாங்கினவங்க, எல்லாருக்கும் அந்த கட்டத்துல குறைஞ்ச மார்க். அதே ஆளுங்க உற்பத்தில ஷிஃப்ட் டார்கெட்டை தாண்டினவங்க. வருஷத்தை அப்படி வளைக்க முடியாது. எவன் எந்த தேதில கேட்டுக்குள்ள வந்தான்ங்கறதை யாரோட விருப்பு வெறுப்பும் மாத்தாது, அதனாலதான் சங்கங்க உலகம் பூரா இதை பிடிச்சுக்கிட்டு நிக்குது. வேலை செய்யாதவனை அனுப்ப தனியா வழி இருக்கு, மெமோ குடுங்க, என்கொயரி வைங்க, யாரும் தடுக்கல.

இன்னொரு கணக்கையும் பாருங்க. 20 வருஷ சர்வீஸ் உள்ளவனுக்கு நஷ்டஈடு 300 நாள் சம்பளம், ஏறக்குறைய பத்து மாசம். அவன் இடத்துல பாதி சம்பளத்துக்கு ஒரு பையனை போட்டா ரெண்டு வருஷத்துக்குள்ள அந்த பணம் கம்பெனிக்கு திரும்பிடும். அப்புறம் மிச்சமாறது எல்லாம் லாபம். சீனியாரிட்டி விதி இல்லன்னா மொத அடி விழறது 45, 48 வயசுக்காரன் மேலதான், அந்த வயசுல வேற கேட்ல போய் நின்னா உள்ள விடறவன் யாரு?

எங்க கதைக்கு வரேன். லிஸ்ட் ஒட்டினது டைம் ஆஃபீஸ் பக்கத்து நோட்டீஸ் போர்டுல, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடியற நேரம். பழைய தொழில் தகராறு மத்திய விதிகள்ல 77வது விதி, ஆட்குறைப்புக்கு குறைஞ்சது ஏழு நாள் முன்னாடி அந்த பிரிவு ஆளுங்க பேரை சீனியாரிட்டி வரிசைல எழுதி கண்ணுல படற இடத்துல ஒட்டணும்னு சொல்லுது, கமிட்டி அதை காட்டி ரெண்டு நாள் உட்கார்ந்து வாதாடினதுக்கு அப்புறம்தான் ஒட்டினாங்க. ஆயில் கையோட எல்லாரும் கண்ணாடி மேல விரலை வச்சு கீழ இருந்து மேல பேரை தேடறாங்க, மேல இருந்து யாரும் தேடல. அதுல ஒரு டர்னர், என்னோட நல்ல பழக்கம், அவர் பேரு 40க்கு பக்கத்துல இருக்க வேண்டியது 61ல கிடக்கு. கோடு விழுந்தது 55ல, அதுக்கு கீழ இருக்கறவங்களுக்கு வேலை இல்ல. சத்தம் போடல, கண்ணாடிகிட்டயே நின்னுட்டார்.

என்ன ஆச்சுன்னா, அவர் உள்ள வந்த தேதிய விட்டுட்டு கன்ஃபர்மேஷன் தேதிய, அதாவது வேலை நிரந்தரமான தேதிய போட்டிருந்தாங்க. ட்ரெயினின்னு பேரு வச்சு ரெண்டே கால் வருஷம் அதே லேத்துல மத்தவங்களுக்கு சமமா பீஸ் எடுத்தவர், அந்த காலம் முழுசும் காணோம். அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர் அவர்கிட்ட இல்ல, ரெக்கார்டு எங்களுக்கும் கிடைக்கலன்னு பர்சனல் டிபார்ட்மெண்ட்ல சொல்லிட்டாங்க. மறுநாள் அவர் வீட்டம்மா ஒரு பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா வச்சிருந்த பழைய இஎஸ்ஐ கார்டை எடுத்து குடுத்தனுப்பிச்சாங்க, மொத குழந்தை பிரசவத்துக்கு இஎஸ்ஐ ஆஸ்பத்திரி போனப்ப வச்சிருந்தது, அதுல தேதி இருந்துச்சு. அதை வச்சுதான் பேசினோம், லிஸ்ட் திருத்தி மறுபடி ஒட்டினாங்க. அவருக்கு வேலை தப்பிச்சுச்சு. ஆனா அவர் மேல ஏறினதால கோட்டுக்கு கீழ ஒரு சின்ன பையன் இறங்கினான், அவனுக்கு அப்பதான் கல்யாணம் முடிவாகி இருந்துச்சு, அவன் மூஞ்சிய பார்த்து பேச எனக்கு தைரியம் வரல. இதுல எல்லாருக்கும் நல்லதுன்னு ஒண்ணு கிடையாது, அதை நான் மறைக்க விரும்பல.

சட்டத்துல ஓட்டை இல்லாம இல்ல. 'சாதாரணமா' கடைசில வந்தவரைன்னுதான் எழுதியிருக்கு, வேற ஆளை எடுக்கணும்னா காரணத்தை எழுதி வைக்கணும், எழுதி வைக்கணும்ங்கறதை சங்கம் கேக்கலன்னா அந்த காரணம் கடைசி வரைக்கும் வாயிலயே இருக்கும். அப்புறம் வரிசை மொத்த கம்பெனிக்கும் கிடையாது, 'கேட்டகரி' வாரியாத்தான், அதாவது ஒவ்வொரு வேலை வகைக்கும் தனித்தனியா. ஆட்குறைப்புக்கு ஆறு மாசம் முன்னாடி டெசிக்னேஷன் மாறுதுன்னா உஷாரா இருங்க, டர்னரை சிஎன்சி ஆப்பரேட்டர்னு, ஸ்டோர்ஸ் ஆளை லாஜிஸ்டிக்ஸ் அசிஸ்டெண்ட்னு லெட்டர் குடுப்பாங்க, சம்பளம் ஒரு ரூபாய் ஏறாது ஆனா 18 வருஷ சர்வீஸ்காரன் புது கேட்டகரில கடைசி ஆளா நிப்பான். பிரமோஷன்னு நினைச்சு ஸ்வீட் குடுத்தவங்களை எனக்கு தெரியும். வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தா அதுதான் செல்லும்னும் அதே பிரிவு சொல்லுது, அதனால சங்கம் சம்பள ஒப்பந்தம் போடறப்ப நடுவுல சொருகியிருக்கற ஒரு வரியை கவனிக்காம கையெழுத்து போட்டா நம்ம கையாலயே விட்டுக் குடுத்த மாதிரி.

எல்லாத்தையும் விட மோசம் ராஜினாமா. ஐடி கம்பெனிலயும் சரி, ஃபேக்டரிலயும் சரி, தனி ரூமுக்கு கூப்ட்டு போனை வாங்கி வச்சுக்கிட்டு, நீங்களா ராஜினாமா பண்ணா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் நல்லபடியா வரும், இல்லன்னா ரிமார்க் போட்டு அனுப்புவோம்ங்கறாங்க. பயந்து கையெழுத்து போட்டுட்டா அது ஆட்குறைப்பே இல்ல, தானா போனது, அப்ப சீனியாரிட்டியும் இல்ல லிஸ்டும் இல்ல, மிரட்டி வாங்கினதுன்னு நிரூபிக்கற பாரம் நம்ம தலைல. தயவுசெஞ்சு அந்த ரூம்ல கையெழுத்து போடாதீங்க, வீட்ல கேட்டுட்டு வரேன்னு சொல்லிட்டு எழுந்து வந்துடுங்க. குறிப்பிட்ட காலத்துக்குன்னு எடுக்கற ஃபிக்ஸட் டெர்ம் ஆளுங்களுக்கு அந்த கஷ்டம் கூட கம்பெனிக்கு இல்ல, காலம் முடிஞ்சு போறதை ஆட்குறைப்புன்னே சட்டம் கணக்குல எடுக்கறதில்ல. இன்னைக்கு சீனியாரிட்டி தேவையில்லன்னு எழுதற தம்பி வயசுக்காரங்கதான் அதுல நிறைய மாட்டியிருக்காங்கன்னு நினைக்கறப்ப எனக்கு கோவம் போய் கவலைதான் வருது.

மத்த நாட்லயும் இது இருக்கு. ஸ்வீடன் சட்டத்துல கடைசில வந்தவர் முதல்லன்னே இருக்கு. ஜெர்மனில சர்வீஸோட வயசு, காப்பாத்த வேண்டிய குடும்பம், உடல் ஊனம் இதையும் சேர்த்து பார்க்கறாங்க, எனக்கு அது நம்ம முறைய விட நியாயமா படுது. அமெரிக்கால இதுக்கு பொதுவா ஒரு சட்டம் கிடையாது, பெரும்பாலும் சங்கம் போடற ஒப்பந்தத்துலதான் வரும், சங்கம் இல்லாத தனியார் கம்பெனிக்காரனுக்கு பொதுவா ஒண்ணும் இல்ல. அங்கயே மெம்ஃபிஸ் நகர தீயணைப்பு துறைல ரொம்ப காலம் கழிச்சு வேலைக்கு எடுக்கப்பட்ட கறுப்பினத்தவங்களை இந்த வரிசையே மொதல்ல வெளிய தள்ளற நிலைமை வந்து, 1984ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சீனியாரிட்டி பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு. யாருக்கு கதவை லேட்டா திறந்தாங்களோ அவங்களுக்கு வரிசையும் அநியாயம் பண்ணும்ங்கறது உண்மை. நம்ம அசெம்ப்ளி லைன்ல இப்பதான் பொண்ணுங்களை எடுக்க ஆரம்பிச்சிருக்காங்க, நாளைக்கு லிஸ்ட்ல கடைசில இருக்கப்போறது அவங்கதான். அதுக்கு வழி மார்க் ஷீட் இல்ல. மொதல்ல ஓவர்டைமை நிறுத்துங்க, நிரந்தர வேலைல போட்ட காண்ட்ராக்டை நிறுத்துங்க, ஷிஃப்டை பங்கு போடுங்க, அதுக்கப்புறம் ஆளை பத்தி பேசலாம்னு சங்கங்க உட்கார்ந்து பேசணும்.

போனவங்களை மறுபடி கூப்டறதும் சீனியாரிட்டில சேர்ந்ததுதான். பழைய சட்டத்தோட 25எச் பிரிவு படி திரும்ப ஆள் எடுக்கறப்ப ஆட்குறைப்புல போனவங்களுக்குத்தான் முன்னுரிமை, புது தொகுப்புல அதை ஒரு வருஷத்துக்குள்ளன்னு சுருக்கிட்டாங்க. எங்க ஷாப்ல எட்டாவது மாசமே அதே மெஷின்ல புது ஆள் நின்னான். கேட்டதுக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினோம் திரும்பி வந்துடுச்சுன்னாங்க. வேலை போனதும் வாடகை குடுக்க முடியாம வீடு மாறினவனுக்கு பழைய அட்ரஸ்ல தபால் எப்படி சேரும்? வெளில போனவங்க அட்ரஸ் மாறினா எழுதிக் குடுத்து சீல் வாங்கி வச்சுக்கங்க. வேலைல இருக்கறவங்க இன்னைக்கே பிஎஃப் பாஸ்புக்லயும் இஎஸ்ஐலயும் சேர்ந்த தேதி சரியா இருக்கான்னு பாருங்க, மொத மாச சம்பள சீட்டு இருந்தா தூக்கி போடாதீங்க. ஒரு வருஷத்துல 240 நாள் வேலை முடியாதவனுக்கு சீனியாரிட்டி வரிசை கிடையாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, 25ஜிக்கு அந்த நிபந்தனை இல்லன்னு சுப்ரீம் கோர்ட் 2010லயே சொல்லியிருக்கு.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள் சார். அடுத்த தடவை இத்தனை பேருக்கு வேலை போச்சுன்னு செய்தி வர்றப்ப உங்க நிருபர் நிர்வாகத்துகிட்ட கேக்கற கேள்விகளோட இதையும் சேர்த்து கேக்கட்டும்: சீனியாரிட்டி லிஸ்ட்டை எந்த தேதில, எங்க ஒட்டினீங்க? அவங்க சொல்ற பதிலை அப்படியே போடுங்க, பதில் சொல்லலன்னா அதையும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் சங்க கமிட்டி உறுப்பினர்