தென்னையை எங்கே வைப்பது?

செம்பனார்கோயில்,
ஐப்பசி மாதம்

அன்பு பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். சம்பா நடவு முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. பயிர் இன்னும் மூழ்கவில்லை. அப்பா விடிந்ததுமே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வடிகால் பார்க்கப் போய்விட்டார்.

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. உயிர்களை வகைப்படுத்தும் ஏழு படியை உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று உன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள், வௌவாலை எங்கே வைப்பது என்று கேட்டால் மட்டும் முழிக்கிறார்கள் என்றாய். நான் பதில் சொல்வதற்குள் டவர் போய்விட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த ஏழு பெயரையும் முதல் நாளே கரும்பலகையில் எழுதாதே. ஆளுக்கு நாலு இலையோ காயோ கொண்டுவரச் சொல். எல்லாவற்றையும் தரையில் கொட்டி, "உங்களுக்குத் தோன்றியபடி பிரியுங்கள், ஏன் அப்படிப் பிரித்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று விட்டுவிடு. நிறத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். சமைக்கிறது, சமைக்காதது என்று பிரிப்பார்கள். பிரிக்கட்டும். அந்த "ஏன்" இருக்கிறதே, பாடம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

இதை நான் ஒரு பையனிடம் தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மரம், செடி, புல் என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பச் சொன்னேன். ஒருவன் தென்னையையும் பனையையும் கொண்டுபோய் நெல்லோடு, மூங்கிலோடு புல் கட்டத்தில் எழுதியிருந்தான். சிவப்பு மையில் பெரிதாகத் தப்புப் போட்டேன். அவன் எழுந்து நின்று, "வேம்புக்கு வைரம் உள்ளே இருக்கும் டீச்சர். தென்னைக்கு வெளியிலதான் வைரம், உள்ளே வெறும் சோறு" என்றான். வைரம் என்று அவன் சொன்னது கட்டையின் கெட்டியான பாகத்தை, சோறு என்றது மெத்தென்ற பாகத்தை. அவன் அப்பா பனைமரம் பிளந்து கூரைக்கு வாரை அறுத்துக் கொடுக்கிறவர். நான் உட்காரச் சொல்லிவிட்டேன்.

சில வருஷம் கழித்துத் தொல்காப்பியத்தில் மரபியல் என்ற இயலைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே காழ் உள்ளது புல், உள்ளே காழ் உள்ளது மரம் என்று அங்கே இருக்கிறது. காழ் என்றால் வைரம். இன்றைய தாவரவியலும் தென்னை, பனை, நெல், மூங்கில் நாலையும் ஒருவித்திலைத் தாவரம், அதாவது விதைக்குள் ஒரே வித்திலை உள்ளது என்று ஒன்றாகத்தான் வைக்கிறது. தென்னையும் பனையும் ஒரு குடும்பம், நெல்லும் மூங்கிலும் கரும்பும் அருகம்புல்லும் இன்னொரு குடும்பம். அந்தப் பையன் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை, வெட்டின கட்டையைப் பார்த்துச் சொன்னான். நான் போட்ட அந்தச் சிவப்புக் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் கறிவேப்பிலை. உன் பிள்ளைகள் கட்டாயம் அதை வேப்பிலையோடு சேர்ப்பார்கள். பெயரே அப்படி இருக்கும்போது யார்தான் சேர்க்க மாட்டார்கள்? உடனே திருத்தாதே. ஒரு எலுமிச்சை இலையையும் ஒரு கறிவேப்பிலையையும் கையில் கொடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல். ஊசியால் குத்தினது போல இலை முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். கசக்கினால் வருகிற வாசனை அங்கிருந்துதான் வருகிறது. வில்வத்திலும் அதே பொட்டு இருக்கும். எலுமிச்சை, வில்வம், விளா, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பம். வேம்பு வேறு குடும்பம்.

இதில் நம் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. உயிர்களுக்குப் பேரினம், சிற்றினம் என்று இரண்டு சொல்லில் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர் கோனிக் என்பவர் 1768-இல் நம் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து இந்தப் பக்கத்துச் செடிகொடிகளைத் திரட்டினார். லின்னேயஸ் 1771-இல் கறிவேப்பிலைக்குப் பெயர் வைத்தபோது மாணவர் பெயரையே சிற்றினப் பெயராக வைத்தார். பேரினத்தை அப்புறம் மாற்றினார்கள், ஆனால் கோனிகியை என்ற அந்த இரண்டாம் பாதி மட்டும் அப்படியே நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல். லத்தீன் பெயர் என்றால் வரும் பயம் பாதி போய்விடும்.

ஏழு படியைச் சொல்ல நேரம் வரும்போது நம் வாய்க்காலைச் சொல். காவிரியிலிருந்து ஆறு பிரிகிறது, ஆற்றிலிருந்து ஏ வாய்க்கால், அதிலிருந்து பி, சி, டி என்று கிளை வாய்க்கால்கள், கடைசியில் நம் வயல் மடை. நம் வயலும் வரப்புக்கு அந்தப் பக்கத்து வயலும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நமக்கு மஞ்சளாற்றுத் தண்ணீர், அவர்களுக்கு வீரசோழன் தண்ணீர். பக்கத்தில் இருப்பதால் ஒரே வாய்க்கால் ஆகிவிடாது. மடையிலிருந்து மேலே ஏறிப் பார்த்தால்தான் எங்கே பிரிந்தது என்று தெரியும். வேம்பும் கறிவேப்பிலையும் அப்படித்தான், குடும்பத்தில் பிரிந்திருக்கின்றன, ஒரு படி மேலே வரிசையில் சேர்ந்துவிடும். வௌவாலையும் காக்கையையும் இறக்கையை வைத்துப் பார்த்தால் பக்கத்து வயல்தான். குட்டி போட்டுப் பால் கொடுக்கிறதா, உடம்பில் மயிரா இறகா என்று மேலே ஏறச் சொல், பிள்ளைகளே வௌவாலைப் பசுவோடும் எலியோடும் கொண்டுபோய் வைப்பார்கள்.

உங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் வாய்க்காலுக்கு எங்கே போவது என்பாய். புளியமரம் இருக்கிறதே. புளியம்பழம், அவரைக்காய், துவரை, கருவேலங்காய் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வை. அவ்வளவு பெரிய மரமும் பந்தலில் படர்கிற கொடியும் ஒரே குடும்பம் என்பதை அந்தக் காயின் அமைப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். யார் கண்டுபிடித்தாலும் பெயர் சொல்லிப் பாராட்டு.

மழை விட்டதும் கொல்லையிலிருந்து கறிவேப்பிலைக் கன்று ஒன்றை மண்ணோடு எடுத்து அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்துக் குழாயடியில் வை. அப்புறம், உன் பிள்ளைகள் தென்னையை எந்தக் குவியலில் வைத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுது.

அன்புடன்,
அம்மா