மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், எச்ஐவி மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையங்களுக்குப் பொறுப்பானவர்களுக்கும்,

வணக்கம்.

2004 ஏப்ரலில் அரசு எச்ஐவி கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதால்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்னைப் போன்றவர்கள் இன்றைக்கும் உழைத்துச் சாப்பிடுகிறோம். அந்த நன்றி எப்போதும் உண்டு. அதைச் சொல்லிவிட்டே கேட்கிறேன்: நோய் கட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுங்கள்.

போன வாரம் நான் மாத்திரை வாங்கும் மையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் மலைக் கிராமத்திலிருந்து வரும் அக்கா ஒருவர், குறித்துக் கொடுத்த தேதிக்கு இரண்டு நாள் பிந்தி வந்தார். "உசுரு மேல ஆசை இருந்தா நேரத்துக்கு வரணும்மா" என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அதே குரலில், "ஸ்டாக் கம்மி. பத்து நாளைக்குத்தான் இருக்கு, வாங்கிட்டுப் போய் மறுபடி வாங்க." பிந்தி வந்த ஆளுக்குத் திட்டு கிடைத்தது. பிந்தி வருகிற மருந்துக்கு யார் யாரைத் திட்டுவார்கள் என்று தெரியவில்லை.

அவர் ஏன் பிந்தினார்? ராகி அறுப்பு நடக்கிறது. கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் நிற்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். மாமியாருக்குக் கண் ஆபரேஷன், தம்பி மகளுக்குக் காதுகுத்து, ரேஷன் கார்டில் பெயர் திருத்தம் எல்லாம் சொல்லித் தீர்ந்தது. இனிமேல் சொல்வதற்கு உறவில் ஆள் பாக்கி இல்லை. விடியுமுன் நடந்து வந்து முதல் பஸ், தேன்கனிக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ். திரும்பும்போது இருட்டிவிடும். ரோட்டிலிருந்து ஊர் வரைக்கும் யானை நடமாடுகிற பாதை.

மாத்திரை டப்பா கைக்கு வந்ததும் அந்த அக்கா நேராகக் கழிப்பறைப் பக்கம் போவார். லேபிளைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் சுரண்டி எடுப்பார். மூடியைத் திறந்து மாத்திரைக்கு மேலே பஞ்சை அடைப்பார். மலைப்பாதையில் பஸ் குலுங்கும்போது டப்பா கலகலத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "என்ன மாத்திரை அது?" என்று கேட்டுவிடுவாராம். வீட்டில் அது ராகி மூட்டைக்குப் பின்னால் இருக்கும். மருமகளுக்குத் தெரியாது. இப்போது பத்து நாளில் இன்னொரு முறை இது அத்தனையும் செய்ய வேண்டும், இன்னொரு பொய்யும் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கொடுக்கிற, டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்தும் சேர்ந்த மாத்திரை நாளைக்கு ஒன்றுதான். தவறாமல் விழுங்கிவந்தால் ரத்தப் பரிசோதனையில் வைரஸ் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலை நீடிக்கிறவரை உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவாது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போகலாம். இதையெல்லாம் கவுன்சிலிங்கில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்கள் துறைதான். பத்து நாள் மாத்திரையைக் கையில் திணிக்கும்போது மட்டும் அது எப்படி மறந்துபோகிறது?

மூன்று மாதத்துக்குக் கொடுப்பது புதிய யோசனையும் இல்லை. 2020 ஊரடங்கின்போது பல மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஸ்டாக் இல்லை என்ற பதிலும் பழையதுதான். 2022இல் அதே பதிலைக் கேட்டுச் சலித்துப்போன நோயாளிகள் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் வாரக்கணக்கில் போராடினார்கள்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய சாமனப்பள்ளி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது, சந்தோஷம். எங்களைத் தேடி மட்டும் வந்துவிடாதீர்கள் சாமி. பையோடு ஒருவர் வாசலில் நின்றால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நாங்களே வருகிறோம். மாதாமாதம் வரவைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம் வந்தால் பேரணி உண்டு, உறுதிமொழி உண்டு, சட்டையில் சிவப்பு ரிப்பன் உண்டு. வெயிலில் நிற்கிற பள்ளிப் பிள்ளைகள், 'ஒதுக்க மாட்டோம்' என்று கை நீட்டிச் சொல்வார்கள். பாவம், அந்தப் பிள்ளைகள் யாரை ஒதுக்கினார்கள்? எச்ஐவி உள்ளவரின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று 2017இல் சட்டம் போட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கும் கொண்டுவந்தீர்கள். அடுத்த உறுதிமொழியை மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

சரி, கோபத்தில் பேச்சு எங்கேயோ போய்விட்டது. எல்லா ஊழியர்களும் அப்படி இல்லை. அக்கா திரும்பிப் போகும்போது பஸ்ஸுக்குக் காசு கொடுத்தவரும் அதே மையத்தில் வேலை செய்கிறவர்தான்.

தயவுசெய்து மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுங்கள். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் கொடுங்கள். அதற்குத் தேவையான ஸ்டாக்கை முன்கூட்டியே வரவழைத்து வையுங்கள். பதிலை எல்லா மையங்களிலும் அறிவிப்பாக ஒட்டிவிட்டால் போதும். தனித்தனியாக எங்கள் வீட்டு முகவரிக்குத் துறையின் முத்திரை குத்திய கவர் எதுவும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
அதே வரிசையில் நிற்கும் ஒருவன்